ஊராட்சி பட்ஜெட்: புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

பதவியேற்பு மாலை வாடுவதற்குள் முதல் கோரிக்கை வந்துவிடும். "தலைவரே, எங்க தெருவுக்கு மட்டும் பேவர் பிளாக் போட்டுக் குடுத்துடுங்க." அடுத்தவர் சமுதாயக்கூடம் கேட்பார். இன்னொருவருக்கு ஊர் எல்லையில் அலங்கார வளைவு வேண்டும். எல்லாரிடமும் "செஞ்சிடலாம்" என்று தலையாட்டிவிட்டு அலுவலகம் போய்க் கணக்கைப் பார்த்தால், மூன்று மாத மின்கட்டணம் பாக்கி, மோட்டார் ரீவைண்டிங் செய்தவருக்குப் பணம் பாக்கி, குடிநீர் வாரியத்துக்கும் பாக்கி. பேவர் பிளாக்குக்கு எங்கே போவது?

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவராக, துணைத் தலைவராக, வார்டு உறுப்பினராகப் புதிதாக வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்க நினைக்கும் இளைஞர்களும் படிக்கலாம், கேள்வி கூர்மையாகும். பேரூராட்சி, நகராட்சிக்குச் சட்டமும் கணக்கு முறையும் வேறு, அதை இதில் கலக்கவில்லை.

சொல்ல வருவது இதுதான். கட்டுவதற்கான பணம் எங்கிருந்தாவது வரும்: எம்எல்ஏ நிதி, எம்பி நிதி, மாநிலத் திட்டம், மத்தியத் திட்டம், ஏதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி. கட்டியதை ஓட்டுவதற்கான பணத்தை மட்டும் ஊராட்சிதான் தேட வேண்டும். ஆனால் பெரும்பாலான ஊராட்சிகளில் பட்ஜெட்டைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் வேலைகளின் பட்டியல், கடைசியில் மிச்சம் இருந்தால் பராமரிப்பு. நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள்.

முதலில் கணக்கை எழுத்தில் வாங்குங்கள்

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அந்த மாவட்டங்களில் தேர்தலுக்குப் பிறகு வரும் புதியவர் முந்தைய தலைவரிடமிருந்து இல்லை, ஓர் அலுவலரிடமிருந்து பொறுப்பை வாங்குவார். அதனால் "அவரைக் கேட்டால் தெரியும்" என்று விட்டுவிட முடியாது. அந்த அலுவலர் ஒரே நேரத்தில் பல ஊராட்சிகளைப் பார்த்தவராக இருப்பார், அடுத்த மாதமே மாறுதலாகிப் போய்விடவும் கூடும்.

ஊராட்சி செயலரை உட்கார வைத்து, ஒவ்வொரு வங்கிக் கணக்குக்கும் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். பாஸ்புக்கில் கடைசியாக என்ட்ரி போட்டது எப்போது என்று யாருக்கும் தெரியாது, அதை நம்ப வேண்டாம். வழக்கமாக மூன்று கணக்குகளைப் பார்ப்பீர்கள். 1-ஆம் கணக்கு ஊராட்சியின் பொது நிதி, வரியும் மானியமும் இங்கேதான் வரும். 2-ஆம் கணக்கு மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும். மானியத்தில் ஒரு பகுதி நேராக இதற்கே போய்விடும். 3-ஆம் கணக்கு திட்ட நிதிகளுக்கு. இவை போக மத்திய நிதிக்குழு மானியத்துக்கெனத் தனிக் கணக்கு இருக்கும். ஒன்றில் இருக்கும் பணத்தை இன்னொன்றின் செலவுக்கு எடுப்பது அவசரத்தில் நியாயமாகத் தோன்றும், தணிக்கையில் தோன்றாது.

ஸ்டேட்மென்ட்டை ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். ஊராட்சியில் 31 பதிவேடுகள் இருக்க வேண்டும் என்பது விதி. எல்லாவற்றையும் முதல் வாரத்தில் படிக்க முடியாது. ரொக்கப் புத்தகம், வீட்டு வரி கேட்புப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், சொத்துப் பதிவேடு ஆகியவற்றை மட்டும் முதலில் பாருங்கள். அப்புறம் கொடுக்க வேண்டிய பாக்கிகள், பாதியில் நிற்கும் வேலைகள், நிலுவையில் இருக்கும் தணிக்கைத் தடைகள் (தணிக்கையாளர் எழுதிய ஆட்சேபனைகள்), இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கையெழுத்தும் தேதியும் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் பிரச்சினை வரும்போது இது உங்கள் காலத்துக்கு முந்தையது என்று காட்ட அந்த ஒரு தாள் போதும்.

இதே இடத்தில் பெண் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. பதவிகளில் பாதி உங்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஆனால் காசோலைப் புத்தகமும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் வீட்டு ஆண்களின் சட்டைப்பையில் இருக்கும் ஊர்கள் இன்னமும் உண்டு. தமிழ்நாட்டில் ஊராட்சியின் செயல் அதிகாரி தலைவர்தான், பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். கணக்கில் ஓட்டை விழுந்தால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும், உங்கள் கணவர் பெயருக்கு வராது. டோக்கன் உங்களிடமே இருக்கட்டும்.

வரவைக் கணக்குப் போடுவது

ஊராட்சிக்கு வரும் பணத்தை நான் இரண்டாகத்தான் பிரிப்பேன்: எதற்குச் செலவு செய்வது என்று நீங்கள் முடிவெடுக்கக்கூடிய பணம், எதற்கு என்று எழுதி அனுப்பிய பணம்.

எழுதி அனுப்பியதில் பெரியது மத்திய நிதிக்குழு மானியம். ஊராட்சி அலுவலகங்களில் சிஎஃப்சி என்பார்கள். 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழுக் காலத்தில் இதில் 60% டைடு கிராண்ட். அதாவது 30% துப்புரவுக்கு, 30% குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது. மீதி 40% அடிப்படை மானியம், ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவழிக்கலாம், ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக் கூடாது. 2026-27 முதல் 16-ஆவது நிதிக்குழுவின் காலம். விகிதமும் நிபந்தனையும் மாறும் என்பதால் பழைய சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு பட்ஜெட் போடாமல், உங்கள் ஆண்டுக்கான அரசாணையை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். இன்னொரு விஷயம், இந்த மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கும் உள்ளாட்சிகளுக்குத்தான். கணக்குகளை இணையத்தில் ஏற்றுவதும் தணிக்கையும் தாமதமானாலும் தவணை தள்ளிப்போகும். ஆகவே ஏப்ரலில் பணம் வந்துவிடும் என்று எண்ணி ஜூனில் வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது மாநில நிதிக்குழு மானியம், எஸ்எஃப்சி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10% உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கி, அதை ஊரகத்துக்கும் நகர்ப்புறத்துக்கும் பிரித்து வந்திருக்கிறார்கள். சம்பளம், மின்சாரம், குடிநீர் எல்லாம் பெரும்பாலும் இதை நம்பித்தான் ஓடுகிறது. முத்திரைத் தீர்வை மேல்வரி, கனிம வருவாய்ப் பங்கு ஆகியவை ஊருக்கு ஊர் மாறும். நிலம் வாங்கி விற்கும் பக்கத்தில் மேல்வரி நன்றாக வரும், கல் குவாரி இருந்தால் கனிமப் பங்கு. இவற்றுக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் உண்மையில் வந்த தொகையை எடுத்து, மூன்றில் குறைந்ததைப் பட்ஜெட்டில் போடுங்கள். கூட வந்தால் சந்தோஷம். சராசரி போட்டால் ஒரு வருஷம் ஏமாறுவீர்கள்.

நூறு நாள் வேலை என்று ஊர் சொல்கிறதே, அந்தக் கூலி தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. அதை ஊராட்சியின் வரவில் சேர்த்து எழுதிப் பட்ஜெட்டைப் பெரிதாகக் காட்டுவதில் பயனில்லை. அந்த வேலையில் என்ன உருவாகிறது என்பது திட்டமிடும்போது வேண்டும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

இனி உங்கள் சொந்தப் பணம். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், கட்டட வரைபட அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, மீன் குத்தகை. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை மாதிரித் தொழிற்சாலைப் பகுதி ஊராட்சி என்றால் இது கோடியைத் தொடலாம். மானாவாரி ஊர் என்றால் சில லட்சம்தான். எவ்வளவு சிறியதாக இருந்தாலும் யாரிடமும் கேட்காமல் செலவழிக்க உங்களிடம் இருப்பது இது மட்டுமே.

வீட்டு வரி: இதில் ஒரு மாதம் செலவழியுங்கள்

கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று சொற்கள். கேட்பு என்றால் வர வேண்டியது. வசூல் வந்தது. நிலுவை நிற்பது. எல்லாரும் வசூல் எத்தனை சதவீதம் என்றுதான் கேட்பார்கள், நீங்கள் கேட்பே சரியா என்று கேளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. 900 வீடு, வீட்டுக்குச் சராசரியாக வருடம் 250 ரூபாய் வரி என்று வைத்துக்கொள்வோம். கேட்பு 2,25,000 ரூபாய். 60% வசூலானால் 1,35,000. அதை 90% ஆக்கினால் 2,02,500. 67,500 ரூபாய் கூடுதல். சரி, அந்த 900 எப்போது எண்ணியது? பதிவேட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து பாருங்கள். மெயின் ரோட்டுப் பக்கம் புதிதாக எழும்பிய வீடுகள், கூரை வீடாகப் பதிவாகி இப்போது மாடியோடு நிற்கும் கான்கிரீட் வீடு, வீட்டு முன்பக்கம் கடையாக மாறியது, செல்போன் கோபுரம், கல்யாண மண்டபம், அரிசி ஆலை. பதிவேட்டில் ஏறாத 120 வீடு கிடைத்தால் அதே சராசரியில் இன்னும் 30,000. மொத்தம் 97,500 ரூபாய், வரி விகிதத்தை ஒரு பைசா கூட ஏற்றாமல். இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இதைச் செலவோடு வைத்துப் பார்க்கப் போகிறோம்.

நடந்து போகும்போது உங்கள் ஆட்கள் வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஜெயித்த கட்சிக்காரர் வரி கட்டாமல் எதிர்த்து நின்றவர் வீட்டுக்கு மட்டும் நோட்டீஸ் போனால் அந்த வருஷ வசூல் அதோடு முடிந்தது. ரசீது கட்டாயம், ஆன்லைனில் கட்டும் வசதியும் வந்துவிட்டது. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே பழைய நிலுவை பாதி கரையும். வீட்டு வரியோடு வசூலாகும் 10% நூலக வரி உங்கள் பணம் இல்லை என்பதை மறக்க வேண்டாம், அதை நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டியாக வேண்டும். பல ஊராட்சிகளில் இது வருடக்கணக்கில் செலவாகிப் போய் ஒரு நாள் பெரிய தொகையாக வந்து நிற்கிறது.

தொழில் வரியை யாரும் கண்டுகொள்வதில்லை. உங்கள் எல்லைக்குள் இருக்கும் பள்ளி, வங்கிக் கிளை, ஆலை, செங்கல் சூளை, பெட்ரோல் பங்க் என்று பட்டியல் போடுங்கள். சம்பளம் கொடுப்பவர் அரையாண்டுக்கு ஒரு முறை பிடித்துக் கட்ட வேண்டும். ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு என்று அரசியலமைப்பே சொல்லிவிட்டதால் கேட்கிறவருக்கும் கூச்சம் வேண்டாம். கேட்புக் கடிதம் போனாலே பெரும்பாலானோர் கட்டிவிடுகிறார்கள். யாரும் கேட்கவில்லை என்பதுதான் இத்தனை நாள் கட்டாததற்குக் காரணம்.

செலவில் முதல் வரி: தண்ணீரும் வெளிச்சமும்

இப்போது செலவுப் பக்கம். முதலில் ஓட்டச் செலவு. ஊராட்சி செயலர் எழுதித் தரும் போன வருஷத் தொகையை அப்படியே 10% ஏற்றிப் போடாமல், ஒவ்வொரு மோட்டாராகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

7.5 எச்பி மோட்டார் என்றால் சுமார் 5.6 கிலோவாட். நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் 33.6 யூனிட், மாதம் 1,008 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (உண்மை விலை உங்கள் பில்லில் இருக்கும், நிலைக் கட்டணம் தனி) மாதம் 8,064 ரூபாய், வருடத்துக்கு 96,768. மேலே வீட்டு வரியில் பாடுபட்டுத் தேடிய 97,500 ரூபாய் இந்த ஒரு மோட்டாரின் மின்கட்டணத்துக்குத்தான் சரியாக வருகிறது. ஒரு சாதாரண ஊராட்சியில் இப்படி ஆறேழு மோட்டார் இருக்கும்.

அதனால்தான் யாராவது "உங்க ஊருக்கு இன்னொரு போர், இன்னொரு டேங்க் போட்டுத் தரேன்" என்று வரும்போது உடனே கைதட்டாதீர்கள். போர் போட அவர் பணம் தருவார், மாதா மாதம் பில் கட்டப் போவது யார்? ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது பெரிய காரியம்தான், ஆனால் அந்தக் குழாய்களை ஓட்டும் செலவும் ஊராட்சி மேல்தான். குடிநீர்க் கட்டணத்தை "ஓட்டு போயிடும்" என்று வாங்காமல் விட்டால் அதே ஓட்டு தண்ணீர் வராத அன்றைக்குப் போகும். மாதத்துக்கு எவ்வளவு என்று கிராம சபையில் பில்லைக் காட்டிப் பேசி முடிவு செய்யுங்கள். பில்லைக் கண்ணால் பார்த்தவர்கள் அவ்வளவாகச் சண்டை போடுவதில்லை.

தெருவிளக்கும் அப்படித்தான். பழைய டியூப் லைட் 200 இருந்தால், சோக்கோடு சேர்த்து ஒன்றுக்கு 50 வாட், இரவு 11 மணி நேரம், ஆக நாளுக்கு 110 யூனிட். 20 வாட் எல்இடி என்றால் 44 யூனிட். மாதத்தில் 1,980 யூனிட் மிச்சம், அதே 8 ரூபாய்க் கணக்கில் வருடத்துக்கு 1,90,000 ரூபாய்க்கு மேல். எல்இடிக்குக் கொட்டேஷன் வாங்கி, எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்று வகுத்துப் பாருங்கள். நான் பார்த்த வரை ஊராட்சி செய்யக்கூடிய செலவுகளிலேயே இதைப் போலத் தன் விலையைத் தானே திருப்பித் தருவது வேறில்லை. பகல் 10 மணிக்கும் எரிந்துகொண்டிருக்கும் விளக்குகளை அணைக்க ஆள் போட்டால் அது தனி லாபம்.

கொள்முதலையும் இதே மாதிரி உடைத்துப் பாருங்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. 30,000 லிட்டர் தொட்டிக்கு ஒரு முறைக்கு 120 கிராம், தினம் இரண்டு முறை நிரப்பினால் மாதத்துக்கு 7.2 கிலோ. 25 கிலோ மூட்டை ஒரு தொட்டிக்கு மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டும். மாதம் ஒரு மூட்டை வாங்கியதாக பில் இருந்தால், வடிகாலில் போட்டார்களா, மூட்டையைத் திறந்து வைத்து வீரியம் போய்விட்டதா, இல்லை வேறு எதாவதா என்று கேட்க உங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கேள்வி கேட்கத் தெரிந்தவர் என்று தெரிந்தாலே அடுத்த பில் ஒழுங்காக வரும்.

தொட்டி இயக்குபவர், தூய்மைப் பணியாளர், தூய்மைக் காவலர் சம்பளங்களை இதற்கடுத்த வரியில் போடுங்கள். வேறு எது தள்ளிப்போனாலும் இவர்கள் சம்பளம் தள்ளிப்போகக் கூடாது. அப்புறம் எதிர்பாராத பழுதுக்கு ஒரு தொகை. மோட்டார் காயில் எரிவது ஏப்ரல், மே மாதத்தில்தான் நடக்கும், ஊரே குடத்தோடு நிற்கும் அதே மாதத்தில். கையிருப்பாக ஒரு மோட்டாரும் ஒரு ஸ்டார்ட்டரும் வாங்கி வைத்திருக்கும் ஊராட்சியில் கோடை நிம்மதியாகப் போகும்.

மிச்சப் பணம் ஊரை வளர்க்கும் பணம்

இதெல்லாம் போக நிற்பதுதான் வளர்ச்சிக்கு. பெரும்பாலும் சின்னத் தொகை. அதை வார்டு எண்ணிக்கையால் வகுத்துச் சமமாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம், எல்லா உறுப்பினரும் மகிழ்வார்கள். விளைவு, ஒன்பது வார்டிலும் ஒன்பது அரைகுறை வேலை. பாதித் தெரு சிமென்ட், பாதித் தெரு சேறு. போய் முடிய இடமில்லாத வடிகால். வடிகால் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அது எங்கே போய் முடிகிறது என்பதைத்தான். பதில் "அந்தப் பக்கம்" என்றால் எஸ்டிமேட்டே வேண்டாம், அந்தப் பணத்துக்கு வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி போட்டுவிடலாம். டைடு கிராண்டிலேயே அது அடங்கும்.

அதற்குப் பதிலாக ஊராட்சியின் வரைபடத்தை எடுத்து, கடந்த ஐந்து ஆண்டுகளில் எங்கெங்கே வேலை நடந்தது என்று புள்ளி வையுங்கள். பல ஊர்களில் அந்தப் புள்ளிகள் கோயில் தெருவையும் மெயின் ரோட்டையும் சுற்றியே விழும். காலனிப் பக்கமும் கடைக்கோடிக் குக்கிராமமும் வெள்ளையாகக் கிடக்கும். அந்த வரைபடத்தை மன்றக் கூட்டத்தில் மேசை மேல் விரித்து வைத்தால் எந்தத் தெரு முதலில் என்ற வாக்குவாதம் சுருங்கிவிடும்.

அடுத்த கேள்வி, எந்த வேலை இன்னொரு வருமானத்தைத் திறக்கும்? வாரச் சந்தை நடக்கும் ஊர் என்றால் கூரை, விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை, ஆடு கட்ட இடம் என்று செய்து கொடுத்தால் வியாபாரிகள் கூடுவார்கள், அடுத்த ஏலத்தில் குத்தகைத் தொகை ஏறும். நெல்லும் சோளமும் தார்ச்சாலையில் காயும் ஊர் என்றால் உலர்களம். பால் வண்டி உள்ளே வர முடியாத 200 மீட்டர் பாதை என்றால் அந்த 200 மீட்டர். இவை எதுவும் திறப்பு விழாவுக்கு அழகான வேலைகள் இல்லை, அதனால்தான் யாரும் செய்யாமல் கிடக்கின்றன.

எல்லாவற்றையும் உங்கள் பணத்தில் செய்ய வேண்டியதில்லை. எது யாருடையது என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி, கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையின் பொறுப்பு. சாலைகளும் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்று பிரிந்திருக்கும். ஒன்றியச் சாலையின் குழியை ஊராட்சிப் பணத்தில் அடைத்துவிட்டுத் தெருக் குழாய் பழுதுக்குப் பணமில்லாமல் நிற்காதீர்கள். நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு போடும், ஊரிலிருந்து வெளியே போய்ச் சம்பாதிப்பவர்களிடம் கேட்க இது நல்ல வழி. மண் வேலை, வரப்பு, குட்டை தூர்வாருதல் போன்றவற்றை வேலை உறுதித் திட்டத்தில் தள்ளிவிட்டு, அதில் செய்ய முடியாத மதகுக்கும் குழாய்க்கும் உங்கள் பணத்தை வையுங்கள்.

பக்கத்து ஊராட்சித் தலைவரோடு நீங்கள் வேறு கட்சியாக இருக்கலாம். இருந்தாலும் மாதம் ஒரு முறை டீ குடியுங்கள். குப்பை தரம்பிரிக்கும் கொட்டகையை ஒவ்வோர் ஊராட்சியும் தனித்தனியாகக் கட்டிவிட்டு ஒன்றும் ஓடாமல் கிடப்பதைவிட, மூன்று ஊராட்சிகள் ஒரு வண்டியை முறைவைத்து ஓட்டினால் டீசலும் ஆளும் மிச்சம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் கடைசி ஊருக்குத் தண்ணீர் வராததும், இரண்டு ஊருக்கு நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத இணைப்புச் சாலையும் தனி ஊராட்சியின் பட்ஜெட்டில் தீராது. இரண்டு மூன்று ஊராட்சிகளின் தீர்மானம் சேர்ந்து ஒன்றியக் குழுவுக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் போனால் எடை வேறு. மாவட்டத் திட்டக் குழுவில் உங்கள் பகுதி உறுப்பினர் யார் என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பலருக்கும் அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது.

கிராம சபையும் திட்டமும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்து நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய் நிரப்பும் பழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் முதல் கூட்டத்திலேயே நிறுத்துங்கள்.

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான வேலைகளை அக்டோபர் 2 கூட்டத்தையொட்டித் திரட்டுகிறார்கள். அங்கே சேராத வேலை, ஊராட்சித் திட்டங்களையும் கணக்கையும் பதியும் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையத் தளத்தில் ஏறாது, ஏறாத வேலைக்கு நிதிக்குழு மானியத்தில் பணம் கொடுக்க முடியாது. அப்புறம் மார்ச் மாதம் வந்து "சேர்த்துக்கோங்க" என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே செப்டம்பரிலேயே வார்டு வார்டாக உட்கார்ந்து பேசிவிட்டு, கிராம சபைக்கு முன்னுரிமை வரிசையோடு போங்கள். பட்ஜெட்டை ஜனவரியில் எழுதத் தொடங்கினால் மார்ச் 31-க்கு முன் மன்றத்தில் வைத்துத் தீர்மானம் போட நேரம் கிடைக்கும். வரவு செலவு விவரத்தைப் படிவம் 30-இல் கிராம சபையில் வைக்க வேண்டும். வெறுமனே வேகமாக வாசித்துவிட்டு உட்காராமல், பெரிய எழுத்தில் அடித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அரைகுறையாகத் தெரிந்த செலவைத்தான் ஊர் பெருக்கிப் பேசும்.

வேலை நடக்கும்போது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பொறியியல் பக்கத்தை ஓவர்சியரும் உதவிப் பொறியாளரும் பார்ப்பார்கள். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி இல்லாமல் மண்வெட்டி எடுக்காதீர்கள். டெண்டரைத் தவிர்க்க ஒரே வேலையை இரண்டு மூன்றாக உடைப்பது தணிக்கையில் முதலில் கண்ணில் படும். எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) அளவு ஏறாமல் பணம் கிடையாது, ஒப்பந்தக்காரர் யாருடைய மச்சானாக இருந்தாலும். சிமென்ட் சாலை போடும் அன்று ஒரு டேப்போடு நீங்களே போய் நில்லுங்கள், எஸ்டிமேட்டில் 15 சென்டிமீட்டர் என்றால் ஓரத்தில் மட்டுமல்ல, நடுவிலும் 15 இருக்க வேண்டும்.

பில் கொடுக்கும்போது பிடித்தங்கள் உண்டு. வருமான வரிப் பிடித்தம் ஒப்பந்தக்காரர் தனிநபர் என்றால் 1%, நிறுவனம் என்றால் 2%. ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்துக்கு மேல் போனால் ஜிஎஸ்டி பிடித்தம் 2%. கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1%. பிடிக்க மறந்தாலும் பிடித்துக் கட்ட மறந்தாலும் வட்டியும் அபராதமும் ஊராட்சி தலையில்தான் விழும். இதை எல்லாம் செயலர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், கையெழுத்துப் போடும் முன் பில்லின் கீழ்ப்பகுதியில் இந்த மூன்று வரிகளும் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பாருங்கள்.

மாதம் ஒரு மணி நேரம்

ஒவ்வொரு மாதமும் மன்றக் கூட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பட்ஜெட்டில் போட்டது, இதுவரை வந்தது அல்லது செலவானது, மிச்சம். மூன்று நெடுவரிசை, ஒரே பக்கம். மின்கட்டணம் போன மாதத்தைவிடத் திடீரென்று ஏறியிருந்தால் மீட்டரா, ஒழுகும் குழாயா, இரவெல்லாம் ஓடும் மோட்டாரா என்று அந்த வாரமே தெரிந்துவிடும், ஆண்டு முடிவில் தெரிந்து பயனில்லை.

அக்டோபரில் அரையாண்டு முடிந்ததும் பட்ஜெட்டைத் திருத்துங்கள். வராத மானியத்தை நம்பிப் போட்ட வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் காரணத்தோடு எழுதுங்கள். பிப்ரவரிக்குள் வேலைகளை முடிக்கப் பாருங்கள். மார்ச் கடைசி வாரத்தில் எல்லா ஊராட்சியும் ஒரே நேரத்தில் பில் போடும், சர்வர் நிற்கும், அளவெடுக்கும் பொறியாளர் ஒருவர்தான் இருப்பார், அவருக்கும் பல ஊராட்சிகள்.

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் தடை எழுதினால் பயப்பட வேண்டாம், பதில் எழுதாமல் விடுவதுதான் ஆபத்து. பெரும்பாலான தடைகள் ரசீது இணைக்கவில்லை, தீர்மான எண் எழுதவில்லை, அளவுப் புத்தகப் பக்கம் குறிக்கவில்லை என்கிற ரகம். ஆதாரத்தைத் தேடி எடுத்து அனுப்பினால் நீங்கிவிடும். வருடக்கணக்கில் கிடந்தால் அதுவே வளர்ந்து, தொகையை உங்களிடமிருந்து வசூலிப்பது வரைக்கும், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்பது வரைக்கும் போகும். தணிக்கை அறிக்கை வந்த மாதக் கூட்டத்திலேயே அதைப் பொருள் நிரலில் வைத்து, எந்தத் தடைக்கு யார் ஆதாரம் தேடுவது என்று பெயர் போட்டுப் பிரித்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெயர்களை வரிசையாக வாசித்து, யார் எதைக் கொண்டுவந்தார் என்று கேளுங்கள்.